பெல்ட் கேட்கும்போது எங்களுக்குச் சொல்ல வேண்டியவை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கன்வேயர் பெல்ட் கேட்டு வரும் கடிதங்களில் பல ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: "800 மி.மீ. அகலம், 42 மீட்டர், பழையது போலவே." இதை வைத்துக்கொண்டு பெல்ட்டை வெட்டி அனுப்பிவிடலாம். அது எத்தனை நாள் ஓடும் என்றுதான் சொல்ல முடியாது. பழைய பெல்ட் எதனால் போனது என்று பார்க்காமல் அதையே மறுபடியும் மாட்டினால், புதியதும் அதே காரணத்தால் போகும். எந்தப் பெல்ட் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை இந்த மடலில் எழுதுகிறோம். அடுத்த முறை பெல்ட் கேட்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ரப்பர் பெல்ட்டில் துணியும் கவரும் தனித்தனி வேலை செய்கின்றன. நடுவில் இருக்கும் துணி அடுக்குகள், அதாவது பிளைகள், இழுவையைத் தாங்குகின்றன. மேலும் கீழும் உள்ள ரப்பர் கவர் அந்தத் துணியைத் தேய்மானத்திலிருந்தும் வெட்டிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கிறது. கவர் சீக்கிரம் தேய்கிறது என்று நான்கு பிளைக்குப் பதில் ஐந்து பிளை கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிளை கூடினால் பெல்ட் விறைத்துப்போகும். தொட்டி வடிவ ரோலரில் படிந்து உட்காராமல் ஒரு பக்கமாக ஓடத் தொடங்கும். தேய்மானமோ முன்பிருந்த அளவிலேயே இருக்கும். அங்கே மாற்ற வேண்டியது கவரை.

பெல்ட்டின் மேல் "ஈபி 630/4" என்று அச்சிட்டிருந்தால், நீளவாக்கில் பாலியஸ்டர் நூலும் குறுக்குவாக்கில் நைலான் நூலும் கொண்ட நான்கு பிளை பெல்ட், ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலமும் 630 நியூட்டன் இழுவைக்கு மேல்தான் அறும் என்று பொருள். துணி பெல்ட்டுகளுக்கு இதில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலை இழுவையாகக் கணக்கிடுவது வழக்கம். 800 மி.மீ. அகலத்துக்கு 63-ஐ 800-ஆல் பெருக்கினால் 50,400 நியூட்டன். ஏறக்குறைய 5 டன் இழுவை. மீதியெல்லாம் ஜாயின்ட்டின், அதாவது பெல்ட்டின் இரு முனைகளையும் இணைத்த இடத்தின், பலவீனத்துக்கும், பாரத்தோடு கிளம்பும்போது விழும் வெட்டிழுப்புக்கும், வருடக்கணக்கான களைப்புக்கும் ஒதுக்கியது. அதைத் தொடக்கூடாது.

"என்என்" என்று போட்டிருந்தால் இரு திசையிலும் நைலான். அடியை நன்றாக வாங்கும், ஆனால் பாலியஸ்டரைவிட அதிகம் நீளும். பெல்ட்டை இறுக்கும் டென்ஷன் திருகில் இடம் குறைவாக இருக்கும் கன்வேயரில் அதை மாட்டினால், சில மாதங்களில் திருகு கடைசிக்கு வந்து நின்றுவிடும். பெல்ட்டை வெட்டிச் சுருக்கி மறுபடி ஒட்ட வேண்டிவரும். பல நூறு மீட்டர், கிலோமீட்டர் கணக்கில் ஓடுபவற்றுக்கு, துணிக்குப் பதில் நீளவாக்கில் எஃகு வடங்கள் பதித்த ஸ்டீல் கார்டு பெல்ட். அதன் நீட்சி மிகக் குறைவு. ஆனால் கூரான இரும்பு ஒன்று குத்தி நின்றுவிட்டால் நீளவாக்கில் கிழித்துக்கொண்டே போய்விடும், தடுக்கக் குறுக்கு நூல் இல்லை.

டிரம் விட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பாலியஸ்டர் பெல்ட்டுக்கு, கவரை விட்டுத் துணிப் பகுதியின் தடிமனை மட்டும் 108-ஆல் பெருக்கினால் முழு இழுவையில் ஓடும் டிரைவ் டிரம்மின் (பெல்ட்டை இழுத்து ஓட்டும் உருளையின்) குறைந்தபட்ச விட்டம் கிடைக்கும். துணி 4.5 மி.மீ. என்றால் 486, ஆகவே 500 மி.மீ. டிரம். 300 மி.மீ. டிரம்மில் அதை ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பிளைகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவப் பார்க்கும். முதலில் விரிவது ஜாயின்ட்தான். ஒட்டியவரைக் குறை சொல்லும் முன் டிரம்மை அளந்து பாருங்கள்.

இனி கவர். ஐஎஸ்ஓ 14890 தரத்தில் எச், டி, எல் என்று மூன்று வகை. பரிசோதனையில் தேய்ந்து போகும் ரப்பர் எச் வகையில் 120 கன மி.மீ., டி வகையில் 100, எல் வகையில் 200-ஐத் தாண்டக்கூடாது. எண் குறைந்தால் தேய்மானம் குறைவு. அப்படியானால் எப்போதும் டி-தானே நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. எச் வகையின் இழுவலிமை 24 மெகாபாஸ்கல், டி வகையுடையது 18. பெரிய, கூரான கல் உயரத்திலிருந்து விழும் இடத்தில் ரப்பர் தேய்வதில்லை, வெட்டுப்பட்டுத் துண்டு துண்டாகப் பெயர்கிறது, அங்கே எச். மணல், பொடிக்கல், தாதுத்தூள் போல நாள் முழுக்க அரைத்துக்கொண்டே போகும் சரக்குக்கு டி. தேய்ந்த பெல்ட்டைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள்: வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் ஒரு பதில், குழி குழியாகப் பெயர்ந்திருந்தால் வேறு பதில்.

கவர் தடிமனில் ஒரு எச்சரிக்கை. மேல் கவர் கீழ்க்கவரைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது. 6 மேல், 2 கீழ் சரி. 8 மேல், 1.5 கீழ் என்று கேட்டால், ஆறும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு சுருங்காமல் பெல்ட் ஓரம் சுருண்டு நிற்கும். வெறும் பெல்ட்டாக ஓடும்போது ரோலர்களில் படிந்து உட்காராது. பிறகு எந்த ரோலரைத் திருப்பியும் நேராக ஓட வைக்க முடியாது.

சூடுதான் அதிகம் தவறிப்போகும் இடம். "சூளையிலிருந்து 200 டிகிரியில் வருகிறது" என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு வேண்டியது பெல்ட்டின் மேல் விழும்போது சரக்கில் இருக்கும் சூடு, சரக்கு பொடியா கட்டியா என்பது, கன்வேயரின் நீளம், இந்த மூன்றும். கட்டி சில புள்ளிகளில் மட்டும் தொடும், இடையில் காற்று இருக்கும். பொடி முழுப்பரப்பிலும் ஒட்டிக்கொண்டு சூட்டை அப்படியே இறக்கும். ஆகவே 150 டிகிரிப் பொடி 180 டிகிரிக் கட்டியைவிடப் பெல்ட்டுக்குக் கொடியதாக இருக்கலாம். நீளமான கன்வேயரில் திரும்பி வரும் வழியில் பெல்ட் ஆறும். 10 மீட்டர் கன்வேயரில் ஆற நேரமே இல்லை. ஐஎஸ்ஓ 4195 தரம் 100, 125, 150, 175 டிகிரி என்று வகை பிரிக்கிறது. மேல் வகைகளுக்கு வழக்கமாக ஈபிடிஎம் என்ற சூடு தாங்கும் செயற்கை ரப்பர். இதை ஒட்டுவதற்கு அதற்கென்றே தயாரித்த பசையும் இடைரப்பரும் வேண்டும். சாதாரணப் பசை பிடித்தது போல் இருந்து சில நாளில் உரிந்துவிடும். இன்னொன்று: சூடான சரக்கோடு பெல்ட்டை நிறுத்தாதீர்கள். ஓடும்போது சமாளிக்கும் பெல்ட், பாரத்தோடு பத்து நிமிடம் நின்றால் அந்த இடத்தில் கருகிவிடும்.

எண்ணெய் பட்ட சாதாரண ரப்பர் ஊறும். மேல் கவர் மட்டும் ஊறி விரிவதால் பெல்ட்டின் இரு ஓரமும் கீழ்நோக்கி வளையும். சூட்டில் இறுகிச் சுருங்கிய கவர் ஓரத்தை மேல்நோக்கி இழுக்கும். ஓரம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று எழுதினாலே காரணத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் கவர் உண்டு. ஆனால் எண்ணெய் வித்தில் இருக்கும் கசிவும் இயந்திர எண்ணெய் ஒட்டிய இரும்புத் துருவலும் ஒரே அளவு எண்ணெய் அல்ல. எது என்று சொல்லுங்கள். எண்ணெயும் உயர் சூடும் சேர்ந்தே இருந்தால் ஈபிடிஎம் உதவாது, எண்ணெயில் அது ஊதிப்போகும்.

தீ தாங்கும் பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிட மனம் வரவில்லை. 1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில், சரக்கு கைமாறும் இடத்தில் கிழிந்த ரப்பர் பெல்ட் சிக்கி, உராய்வில் தீப்பிடித்து, 80 பேர் உயிரிழந்தார்கள். நிலத்தடிச் சுரங்கங்களில் தீ தாங்கும் பிவிசி பெல்ட்டுகள் வந்ததற்குப் பின்னால் அந்த விபத்து இருக்கிறது. இன்று ஐஎஸ்ஓ 340 சோதனையில், சுடரை அகற்றியபின் ஆறு துண்டுகளும் எரியும் நேரத்தைக் கூட்டினால் 45 விநாடிக்குள் இருக்க வேண்டும், எந்தத் துண்டும் 15 விநாடியைத் தாண்டக்கூடாது. நிலை மின்சாரம் தங்காதிருக்க, ஐஎஸ்ஓ 284 சோதனையில் மின்தடை 300 மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும். தூசி வெடிக்கும் தன்மையுள்ள மாவு, தானியம், சர்க்கரை, கந்தகம் ஆகியவற்றைக் கையாள்பவர்களும் இவை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். தீ தாங்கும் பெல்ட் என்றால் எரியாத பெல்ட் அல்ல. பிசகி நின்ற ரோலரின் மேல் மணிக்கணக்கில் உரசினால் அதுவும் சூடேறும். ரோலர் பேரிங்கைப் பார்ப்பதை அது மிச்சப்படுத்தாது.

சரிவில் ஏற்ற வேண்டியிருந்தால் சரக்கைப் பொறுத்து முடிவு மாறும். கழுவிய கூழாங்கல் 12 டிகிரியிலேயே உருண்டு வரத் தொடங்கும். உடைத்த கல் 18 வரை, ஈர மணல் 20 வரை வழவழப்பான பெல்ட்டிலேயே ஏறும். அதற்கு மேல் 30 டிகிரி வரை, மேற்பரப்பில் அம்புமுனை வடிவ வரப்புகள் வார்த்த செவ்ரான் பெல்ட். அதில், ஒட்டிய சரக்கைச் சுரண்டியெடுக்கும் சாதாரண ஸ்கிரேப்பர் வைக்க முடியாது, வரப்பைச் சீவிவிடும். ஆகவே ஒட்டும் களிமண்ணுக்கு அது தோதல்ல. இன்னும் செங்குத்தாக ஏற்ற, இருபுறமும் நெளிந்த சுவரும் குறுக்குத் தட்டிகளும் கொண்ட சைடுவால் பெல்ட்.

பேக்கிங், உணவு, மருந்து வேலைகளுக்கான மெல்லிய பெல்ட்டுகள் தனி உலகம். அட்டைப்பெட்டி நகர்த்தப் பிவிசி போதும். ஆனால் விலங்குக் கொழுப்பு படும் இடத்தில் பிவிசியின் மென்மையாக்கி கசிந்து வெளியேறி, பெல்ட் விறைத்து வெடிக்கும். அங்கே பியு (பாலியூரித்தேன்) போடுங்கள். மெட்டல் டிடெக்டர் வழியாகப் போகும் பெல்ட் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். நிலை மின்சாரத்தை இறக்கப் பெல்ட்டில் நெய்யும் கார்பன் நூலையே கருவி உலோகம் என்று எடுத்துக்கொண்டு கத்தும். சூடான காற்றறைக்குள் ஓட, கண்ணாடி இழைத் துணியில் டெஃப்லான் பூசிய பெல்ட் 260 டிகிரி வரை தாங்கும், ஆனால் மடிப்பு விழுந்தால் அந்த இடத்திலேயே கிழியும். அதற்கும் மேல், உலைக்குள் போக, ஸ்டெயின்லெஸ் கம்பிவலை.

துண்டு துண்டாகக் கோத்த பிளாஸ்டிக் மாடுலர் பெல்ட்டில் உடைந்த துண்டை மட்டும் மாற்றலாம், நீரடித்துக் கழுவலாம். பாலிப்ரொப்பிலீன் வெந்நீருக்கு, பாலிஎத்திலீன் உறைகுளிருக்கு, அசெட்டால் பாரமும் வழுக்கலும் வேண்டும் இடத்துக்கு. பாலிப்ரொப்பிலீன் சூட்டில் விரியும்: 1 மீட்டர் அகலப் பெல்ட் 60 டிகிரி கூடினால் 6 முதல் 9 மி.மீ. வரை. ஓரத்தில் அந்த இடைவெளி விடாமல் மாட்டினால் வெந்நீர் வந்த முதல் நாளே சட்டத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஜாயின்ட்டுக்கு வருவோம். படிப்படியாகப் பிளையை வெட்டி ஒட்டும் முறையில் ஒரு பிளையின் பலம் எப்போதும் குறையும். மூன்று பிளை பெல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கும், நான்கு பிளையில் முக்கால் பங்கும்தான் மிஞ்சும். பிளையை உரிக்கும்போது கத்தி அடுத்த பிளையின் நூலில் ஒரு கீறல் போட்டாலும் அந்த வரியில்தான் பிறகு அறுகிறது. மெதுவாக வெட்டச் சொல்லுங்கள். சூடாக்காமல் பசையால் மட்டும் ஒட்டும் கோல்டு ஜாயின்ட்டில் பசையை இரண்டு தடவை பூச வேண்டும். முதல் பூச்சு முழுக்கக் காய வேண்டும். இரண்டாவது, விரலின் பின்புறத்தை வைத்தால் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். ஈரக்காற்றிலும் பனியிலும் பசை பிடிக்காது. ஹாட் ஜாயின்ட்டில் சுமார் 145 முதல் 150 டிகிரி சூட்டில் அழுத்தி வேகவைத்தபின், அழுத்தத்தை எடுக்காமலே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால் உள்ளே கொப்புளம். இரு முனைகளையும் உலோகக் கிளிப் அடித்துக் கோப்பது அவசரத்துக்கு நல்லது. நிரந்தரமாக விட்டால் பொடி அதன் வழியே ஒழுகும், ஸ்கிரேப்பர் பிளேடும் தேயும்.

பெல்ட் ஒரு பக்கமாக ஓடினால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: பெல்ட்டின் எல்லாப் பகுதியும் ஒரே இடத்தில் விலகுகிறதா, பெல்ட்டின் ஒரே பகுதி போகும் இடமெல்லாம் விலகுகிறதா? முதலாவது என்றால் பிசகு அந்த இடத்து ரோலரிலோ சட்டத்திலோ இருக்கிறது. இரண்டாவது என்றால் ஜாயின்ட் கோணலாக விழுந்திருக்கிறது அல்லது பெல்ட் வளைந்திருக்கிறது; ரோலரைத் தொட்டுப் பயனில்லை. ரோலரின் எந்த முனையைப் பெல்ட் முதலில் தொடுகிறதோ அந்தப் பக்கம்தான் அது நகரும். வலப்புறம் விலகினால் ரோலரின் வலது முனையை ஓட்டத் திசையில் கொஞ்சம் முன்தள்ளுங்கள், விலகும் இடத்துக்குச் சில ரோலர் முன்னதாகவே. மூன்று நான்கு சுற்று ஓடவிட்டுப் பார்த்தபின்தான் அடுத்த ரோலரைத் தொட வேண்டும். டென்ஷன் திருகை ஒரு பக்கம் மட்டும் இறுக்கி நேராக்குவது வேண்டாம். அது ஒரு ஓரத்தை நீட்டிப் பெல்ட்டையே வாழைப்பழமாக வளைத்துவிடும்.

நீளம் அளக்க: இரண்டு டிரம் மையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் இரு மடங்கோடு, இரண்டு விட்டங்களின் கூட்டுத்தொகையில் பாதியை 3.1416-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 20 மீட்டர் தூரம், இருபுறமும் 400 மி.மீ. டிரம் என்றால் 41.26 மீட்டர். இதில் ஜாயின்ட்டுக்கான நீளம் சேரவில்லை. அது பிளை எண்ணிக்கையையும் அகலத்தையும் பொறுத்தது, அதை நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். டென்ஷன் திருகை முன்பக்கம் தளர்த்தி வைத்துவிட்டு அளந்தீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள். நடுவில் ஸ்னப் டிரம்மோ (பெல்ட்டை டிரைவ் டிரம்மில் கூடுதலாகச் சுற்ற வைக்கும் சிறு டிரம்), பெல்ட்டை இறுக்கத் தொங்கும் எடையோ இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. பழைய பெல்ட்டைக் கழற்றும்போது நாடாவால் அளப்பதே சரி.

இத்துடன் சரக்கின் பெயர், பெரிய கட்டியின் அளவு, விழும் உயரம், மணிக்கு எத்தனை டன், சரக்கின் சூடு, எண்ணெய் உண்டா, சரிவுக் கோணம், சிறிய டிரம்மின் விட்டம், பெல்ட் வேகம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பழைய பெல்ட்டின் தேய்ந்த இடத்திலிருந்து கையளவு துண்டு ஒன்றை வெட்டி அனுப்புங்கள். அந்தத் துண்டை ஓரத்திலிருந்து வெட்டாமல் நடுவிலிருந்து வெட்டுங்கள். சரக்கு விழுந்து தேய்வது அங்கேதான்.

இப்படிக்கு,
உங்கள் கன்வேயர் பெல்ட் விற்பனை, பராமரிப்புப் பிரிவினர்