புதிதாகத் துறைத்தலைவர் ஆன என் பழைய முதுநிலை (பி.ஜி.) மாணவருக்கு

மதிப்பிற்குரிய மகப்பேறு துறைத்தலைவர் அவர்களுக்கு,

இந்த மரியாதை இந்த ஒரு வரிக்கு மட்டும்தான். இனி வழக்கம்போல நீ, வா, போதான்.

ஆர்டர் வந்த அன்று போனில் பேசினாயே, சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம் கேட்டது. பயம் நியாயமானதுதான்.

உதவிப் பேராசிரியராக இருந்தவரை உன் கைக்குத்தான் பேர். சிக்கலான சிசேரியன் என்றால் உன்னைத்தான் தேடுவார்கள். இணைப் பேராசிரியர் ஆனதும் வகுப்பு, தீசிஸ், பரீட்சை என்று பாதிப் பொழுது போயிற்று. இப்போது உன் கையே படாத கேஸ்களுக்கும் நீதான் பொறுப்பு. கெட்டிக்கார சர்ஜன்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தியேட்டரை விட மனசு வராமல் எல்லா கேஸுக்கும் தாங்களே ஸ்க்ரப் ஆவார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கும். அந்த யூனிட்டில் படித்துவிட்டு வெளியே போகிற பிள்ளைக்கோ, நஞ்சு கர்ப்பப்பை வாயை அடைத்து நிற்கும் பிளாசென்டா பிரீவியா என்றாலே கை நடுங்கும்.

துறைத்தலைவரை எடைபோட நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். ராத்திரி லேபர் வார்டில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால், முதல் வருஷ பி.ஜி. எத்தனையாவது நிமிஷத்தில் மேலே போன் போடுகிறாள்?

கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசின் போட்டாயிற்று. கர்ப்பப்பை இன்னும் இறுகவில்லை. சிஸ்டர் மூன்றாவது பேடை மாற்றுகிறார். போன் அவள் கையில்தான் இருக்கிறது. ஆனால் ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்ட சீஃப்பின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போமே என்று நினைக்கிறாள். அந்தப் பத்து நிமிஷத்தில் என்னவெல்லாம் ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு பற்றி 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வைப் படித்திருப்பாய். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா. மொத்தம் 80 மருத்துவமனைகள். புது மருந்து ஒன்றும் கிடையாது. சுகப்பிரசவம் முடிந்ததும் அளவுக்கோடு போட்ட விரிப்பை அடியில் வைத்து ரத்தத்தை அளந்தார்கள். கர்ப்பப்பை மசாஜ், ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். அதிக ரத்தப்போக்கு இருந்தவர்களில், வழக்கமான முறையில் அதைக் கண்டுபிடித்தது 51 சதவீதம் பேரிடம். இந்த முறையில் 93. கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, மரணம் மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. எல்லாரும் அந்த விரிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு என்னவோ, கோட்டைத் தாண்டியதும் யார் முகத்தையும் பார்க்காமல் வேலையைத் தொடங்கலாம் என்ற தைரியம் டியூட்டியில் இருந்தவர்களுக்குக் கிடைத்ததுதான் பெரிதாகப் படுகிறது. அந்தத் தைரியத்தை உன் வார்டில் நீதான் கொடுக்க வேண்டும். வீண் அழைப்புக்கு ஒருமுறை எரிந்து விழுந்தால் போதும், அடுத்த அழைப்பு வராது.

பிறகு, கலெக்டர் முன்னால் நடக்கும் தாய் இறப்பு ஆய்வுக் கூட்டம். முதல் கேள்வி விழுந்ததும் எல்லார் பார்வையும் அன்று டியூட்டியில் இருந்த கடைசிப் பிள்ளையின் பக்கம் போகும். ஆம்புலன்ஸ் தாமதம், ரத்த வங்கியில் அந்த குரூப் இல்லாதது, மயக்க டாக்டர் வேறொரு தியேட்டரில் மாட்டிக்கொண்டது, எதுவும் பேச்சில் வராது. நீ எழுந்து ‘என் துறை, நான் சொல்கிறேன் சார்’ என்று ஆரம்பி. கேஸ் ஷீட்டை நேரவாரியாகப் படி. அதைக் கொஞ்சம் ‘சரிசெய்து’ எழுதலாமே என்று முந்தின நாள் யாராவது வந்து சொல்வார்கள். ஷீட்டை வாங்கி உன் பீரோவில் வைத்துப் பூட்டு.

டாக்டர் வி. சாந்தாவும் நம் துறைக்காரர்தான், தெரியுமா? 1955-இல் மகப்பேறில் எம்.டி. முடித்தவர். எழும்பூரில் அரசு வேலை கிடைத்தும் அதை விட்டுவிட்டு, 12 படுக்கைகளோடு தொடங்கியிருந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார். இயக்குநர் ஆனது 1980-இல். அதுவரை 25 வருஷம் டாக்டர் கிருஷ்ணமூர்த்திக்குத் தோள்கொடுத்தவர். தலைமைக்கு வந்த சில வருஷங்களில், 1984-இல், புற்றுநோய்க்கென்றே டி.எம்., எம்.சிஹெச். என்ற உயர்சிறப்புப் படிப்புகள் அங்கே தொடங்கின. ஒரு டாக்டர் ஆயுசு முழுக்க ஓ.பி. பார்த்தாலும் எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? அவரிடம் படித்துப் போகிறவர்கள் பார்ப்பதுதான் மிச்சக் கணக்கு.

தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்.எம்.சி.) படிவம், பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட், முகம் காட்டிப் போடும் வருகைப்பதிவு இதெல்லாம் தானாகப் பழகிவிடும். அலுவலக சூப்பிரண்டெண்டிடம் மட்டும் பகைத்துக்கொள்ளாதே. டீன் கையெழுத்துப் போட்ட ஃபைலும் அவர் மனசு வைத்தால்தான் நகரும். பொங்கல் டியூட்டி பட்டியலை நீயே போடு, உன் பெயரையும் சேர்த்து.

தீசிஸ் தலைப்பு கேட்டிருந்தாய். கர்ப்பகால ரத்தசோகை வேண்டாம், தமிழ்நாட்டில் பாதி பி.ஜி.க்கள் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தப்போக்கு தெரிந்த நேரத்துக்கும் சீனியருக்குப் போன் போன நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரு பிள்ளைக்குக் கொடு. எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகுமுன் புரோட்டோகாலை எனக்கு அனுப்பு. எழுத்தைப் பெரிதாகப் போட்டு அனுப்பச் சொல், கண்ணாடி மாற்ற இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உன் பழைய சீஃப்