பெருந்தொற்றுக் காலச் செவிலியர் பணிமுறை, மாணவர் பாதுகாப்பு குறித்து இப்போதே நிலையாணை பிறப்பிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள அரசு மருத்துவமனைச் செவிலியர்கள், செவிலியர் கல்லூரி ஆசிரியர்கள், பயிற்சி மாணவ மாணவியர்

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: பெருந்தொற்றுக் காலத்தில் செவிலியர் எண்ணிக்கை, பணி நேரம், பாதுகாப்பு உடை, காப்பீட்டுச் சான்று, மாணவர்களை வார்டுப் பணியில் ஈடுபடுத்தும் முறை ஆகியவற்றுக்கு நிலையாணை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கொரோனா இரண்டாம் அலையின்போது எந்த மாவட்டத்தில், எந்த மருத்துவமனையில் எத்தனை ஆக்சிஜன் படுக்கை, எத்தனை ஐசியூ படுக்கை காலியாக இருக்கிறது என்பதை அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் படுக்கையருகே அந்த ஷிப்டில் நிற்க ஆள் இருக்கிறாரா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லவில்லை. வென்டிலேட்டரை ஒரு வாரத்தில் வாங்கி இறக்கிவிடலாம். அதன் அலாரம் அடித்தால் சளி அடைத்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா, இணைப்பு கழன்றிருக்கிறதா என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய செவிலியரை ஒரு வாரத்தில் உருவாக்க முடியாது. அலை உச்சத்தில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவுகளால் இதைச் சரிசெய்யவும் முடியாது. நெருக்கடி இல்லாத இந்த நேரத்திலேயே நிலையாணை கேட்பதற்கு அதுதான் காரணம்.

முதலில் ஆள் கணக்கு. 20 வென்டிலேட்டர் படுக்கைகள் உள்ள ஒரு ஐசியூவை எடுத்துக்கொள்வோம். ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது ஏற்கப்பட்ட நெறி. வழக்கமான மூன்று ஷிப்டுக்கு 60 பேர் என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். முழு உடல் பாதுகாப்பு உடையில் எட்டு மணி நேரம் நிற்க முடியாது என்பதால் ஷிப்ட் ஆறு மணி நேரமாகிறது. நாளுக்கு நான்கு ஷிப்ட் என்றால் 80 பேர். ஏழு நாள் பணி, ஏழு நாள் ஓய்வு என்று சுழற்சி வைத்தால் 160 பேர். விடுப்பு, நோய் என்று வராதவர்களுக்காக 30 சதவீதம் சேர்த்தால் 208 பேர். கோப்பில் இருந்த 60-க்கும் இந்த 208-க்கும் உள்ள இடைவெளியைத்தான் டபுள் டூட்டியாலும், ஒருவரே நான்கு படுக்கை பார்ப்பதாலும், பயிற்சி மாணவிகளை வைத்தும் நிரப்பினார்கள்.

ஒரு படுக்கைக்கு ஒருவர் என்பது ஆடம்பரம் என்று நிதித்துறை கேட்கக்கூடும். வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதற்கு மட்டும் நான்கைந்து பேர் வேண்டும். தலைமாட்டில் ஒருவர் மூச்சுக்குழாயை விடாமல் பிடித்திருக்க, இரண்டு பக்கமும் நிற்பவர்கள் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மருந்து ஏறும் லைன், சிறுநீர்க் குழாய், மானிட்டர் ஒயர் எதுவும் இழுபடக் கூடாது. அவ்வளவு நேரமும் மற்ற படுக்கைகளில் சாச்சுரேஷன் (இரத்த ஆக்சிஜன் அளவு) இறங்குகிறதா என்று பார்க்க ஆள் வேண்டாமா?

எனவே கூடுதலாக எத்தனை தீவிர சிகிச்சைப் படுக்கைகள் திறக்கப்படும் என்று அறிவிக்கும் ஒவ்வோர் உத்தரவிலும், அந்தப் படுக்கைகளுக்கு ஷிப்ட் வாரியாகச் செவிலியர் எண்ணிக்கையும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஆள் இல்லாத படுக்கையைத் திறந்த படுக்கையாகக் கணக்குக் காட்டக் கூடாது.

அடுத்தது ஷிப்டின் நீளம். ஆறு மணி நேரம் என்று பட்டியலில் இருந்தாலும் அது ஆறில் முடிவதில்லை. உடை மாட்ட அரை மணி நேரம் முன்னதாக வர வேண்டும். முடிந்ததும் ஹேண்டோவர் (அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைத்தல்), பிறகு உடை கழற்றுதல், பிறகு குளியல். பெரும்பாலான இடங்களில் கழற்றும் அறை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். பத்துப் பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் கடைசியாக வெளியே வருபவருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. அந்த நேரத்துக்குக் கணக்கும் இல்லை, உட்கார இடமும் இல்லை.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை என்று தள்ளிவிட வேண்டாம். தொற்று ஏறுவது பெரும்பாலும் மாட்டும்போது அல்ல, கழற்றும்போது. களைப்பும் அவசரமும் சேர்ந்தால் வரிசை மாறிவிடும். கையுறையைக் கழற்றிவிட்டு கையைச் சுத்தம் செய்யாமல் பாதுகாப்புக் கண்ணாடியைத் தொடுவது, உடையை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டாமல் உதறுவது, மாஸ்க்கின் முன்பக்கத்தைப் பிடித்து இழுப்பது ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள். மாஸ்க் கடைசியில்தான் வர வேண்டும். அதுவும் கழற்றும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, பின்னாலிருந்து, கீழ்ப்பட்டை முதலில், மேல்பட்டை அடுத்து. ஒவ்வொரு படிக்கும் நடுவே கை சுத்தம். இதைச் சொல்லிக்கொடுக்க முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும், சுவரில் தமிழில் ஒட்டிய படமும், பக்கத்தில் நின்று 'அடுத்தது இது' என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு பார்வையாளரும் போதும். பார்வையாளர் இல்லாமல் யாரும் உடை கழற்றக் கூடாது என்று எழுதிவிட்டால் பாதிப் பிழை குறையும்.

பத்துப் பேருக்கு ஒரு கழற்றும் அறை என்பதற்குப் பதில், குறைந்தது இரண்டு அறைகளும் அவற்றை ஒட்டிக் குளியலறைகளும் வேண்டும். கழிவு போடும் மஞ்சள் பையும் சிவப்புப் பையும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். மாஸ்க், தலை உறை, காலணி உறை, பிளாஸ்டிக் அல்லாத அங்கி மஞ்சளில். கண்ணாடி, முகக் கவசம், கையுறை, பிளாஸ்டிக் உடை சிவப்பில் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோவிட் கால வழிகாட்டுதல். பை ஒன்றுதான் இருந்தால் எல்லாம் ஒன்றிலேயே விழும், பிறகு அதைத் தூய்மைப் பணியாளர் கையால் பிரிப்பார். ஹைப்போ (கிருமிநீக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்) கரைசலும் அப்படித்தான்: 5 சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால்தான் 1 சதவீதம். வெயிலிலும் வெளிச்சத்திலும் வீரியம் போய்விடும் என்பதால் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றைய வாளியில் தண்ணீர் ஊற்றி நிரப்புவது கிருமிநீக்கம் ஆகாது.

பாதுகாப்பு உடையின் தரம் பற்றி ஒரு வார்த்தை. முழு உடைக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 17423, வடிகட்டும் மாஸ்க்குக்கு ஐ.எஸ். 9473 என்று தரநிலைகள் இருக்கின்றன. உடைத் துணியில் செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதிக்கும் வசதி நம் கோயம்புத்தூரிலேயே, தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கத்தில் இருக்கிறது. எங்கள் குறை தரச்சான்று பற்றியதைவிட அளவு பற்றியது. கொள்முதலில் பெரும்பாலும் பெரிய அளவுகள்தான் வருகின்றன. ஐந்தடி உயரச் செவிலியர் எக்ஸ்எல் உடை போட்டால் கால் தடுக்கும், உடைக்கையின் நுனி கையுறையை விட்டு நழுவி மணிக்கட்டு தெரியும். இறுக்கமானதைப் போட்டால் நோயாளியைத் தூக்கக் குனியும்போது தொடையிடுக்கில் தையல் விட்டுவிடும். காதில் மாட்டும் மாஸ்க் பலருக்கு மூக்கோரம் இடைவெளி விடும்; அந்த இடைவெளி வழியாக வரும் மூச்சுதான் கண்ணாடியில் ஆவியாகப் படிந்து, ஊசி போடும் நரம்பையே மறைத்துவிடுகிறது. கண்ணாடி பனிக்கிறது என்றால் மாஸ்க் சரியாகப் பொருந்தவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் உத்தரவில் எஸ், எம், எல், எக்ஸ்எல் விகிதத்தை, அந்தந்த மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளர் தரும் பட்டியலின்படி நிர்ணயிக்க வேண்டும். தலையைச் சுற்றி மாட்டும் பட்டை உள்ள மாஸ்க்குகளையே வாங்க வேண்டும்.

காற்று ஒரே இடத்தில் சுற்றக் கூடாது என்று ஏசி நிறுத்தப்படும் வார்டில், சித்திரை வெயிலில், இந்த உடைக்குள் உடம்பு என்ன பாடுபடும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அதன் விளைவை அதிகம் பேசுவதில்லை. கழிப்பறை போக முடியாது என்பதால் டூட்டிக்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நீர்ச்சத்து குறைகிறது, தலை சுற்றுகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது. மாதவிலக்கு நாட்களில் ஆறு மணி நேரம் நாப்கின் மாற்ற வழியில்லை. தீர்வு ஒன்றே ஒன்று: ஷிப்டின் நடுவே மாற்றாள். ஒவ்வொரு ஐந்து செவிலியருக்கும் ஒரு மாற்றாளைப் பட்டியலிலேயே போட்டுவிட்டால், ஷிப்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவராக வெளியே வந்து, ஓ.ஆர்.எஸ். குடித்து, கழிப்பறை போய், புது உடையில் திரும்பலாம். ஆளுக்கு ஒரு கிட் கூடுதலாகச் செலவாகும். மயங்கி விழும் செவிலியரால் ஆகும் செலவைவிட அது குறைவு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தொற்று வார்டுப் பணி கூடாது. அவர்கள் கேட்டுப் பெற வேண்டிய சலுகையாக இல்லாமல் விதியாகவே இருக்கட்டும்.

இனி மாணவர்கள். இந்த மனுவில் நாங்கள் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான்.

2021 மே 3 அன்று மத்திய அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, இறுதித் தேர்வுக்குக் காத்திருக்கும் ஜி.என்.எம். (செவிலியர் பட்டயப் படிப்பு), பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களையும் மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில் கோவிட் பணியில் ஈடுபடுத்தலாம் என்றானது. மேற்பார்வை என்ற சொல்தான் அதில் உயிர். வார்டில் நடப்பது வேறு. இரவு ஷிப்டில் ஆசிரியர் இருப்பதில்லை. ஸ்டாஃப் நர்ஸ் ஒருவருக்கே மூச்சுவிட நேரமில்லை. சக்‌ஷன் போடுவது (சளியை உறிஞ்சி எடுப்பது), நெபுலைசர் வைப்பது, பைபாப் என்ற சுவாச உதவிக் கருவியின் மாஸ்க்கை மாற்றுவது என்று நீர்த்திவலை அதிகம் கிளம்பும் வேலைகள் ஒவ்வொன்றாக மாணவியிடம் வந்து சேர்கின்றன. 'கொஞ்சம் பார்த்துக்கோம்மா' என்ற ஒரு வார்த்தையில் அது முடிந்துவிடுகிறது. மாணவி மறுக்கவும் முடியாது, ஏனென்றால் அதே வார்டில்தான் அவளுடைய செய்முறைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆகவே செய்யக்கூடியவை, கூடாதவை என இரண்டு பட்டியல்களை அரசே தர வேண்டும். வெப்பநிலை, சாச்சுரேஷன் பதிவு, புறநோயாளி வகைப்படுத்தல், தொலைபேசியில் வீட்டுத் தனிமையில் இருப்போரை விசாரித்தல், தடுப்பூசி முகாமில் அரை மணி நேரக் கண்காணிப்பு, மாதிரிகளுக்கு லேபிள் ஒட்டுதல் முதலியவை செய்யலாம். மூச்சுக்குழாய் செருகும்போது உடனிருத்தல், சக்‌ஷன், நெபுலைசர், இதய மீட்பு (சி.பி.ஆர்.), தனியாக இரவுப் பணி ஆகியவை கூடாது. ஒரு ஷிப்டில் ஒரு பதிவுபெற்ற செவிலியருக்கு இரண்டு மாணவர்களுக்கு மேல் ஒதுக்கக் கூடாது. செவிலியர் எண்ணிக்கைக் கணக்கில் மாணவரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அன்றைக்கே அந்த வார்டில் மேற்பார்வை செத்துவிடும்.

வார்டுக்கு அனுப்பும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் (0, 1, 6 மாதம்) முடிந்திருக்க வேண்டும். கடைசித் தவணைக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதங்களில் எதிர்ப்புச் சக்தி அளவும் பார்த்திருக்க வேண்டும். முதலாம் ஆண்டிலேயே ஆரம்பித்தால் இது தானாக முடிந்துவிடும். நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மாணவிகள் மறைத்துவிடுகிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் அந்த மௌனம் ஆபத்தானது. இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணை அடையாள அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சிட்டுவிடலாம்.

விடுதியில் ஓர் அறையில் பலர், பொதுக் குளியலறை, ஒரே மெஸ். தொற்று வார்டுக்குப் போகும் மாணவியர் போகாதவர்களோடு அறையைப் பகிரக் கூடாது. தனிமைப்படுத்த இடமில்லை என்று சொல்லி ஊருக்குப் பஸ் ஏற்றிவிடுவது, நோயை அந்த ஊருக்கு ஏற்றுமதி செய்வதாகும்.

அதே சமயம், படிப்பும் போய்விடக் கூடாது. கல்லூரிகள் மூடியிருந்தபோது செய்முறையை அலைபேசித் திரையில் பார்த்துப் படித்த மாணவர்கள் இன்று வார்டில் பணியில் இருக்கிறார்கள். சிறுநீர்க் குழாய் செருகுவதையோ பிரசவம் பார்ப்பதையோ காணொளியில் கற்க முடியாது. கோவிட் பணி நேரத்தைச் சமுதாய நலச் செவிலியத்திலும் மருத்துவ-அறுவை சிகிச்சைச் செவிலியத்திலும் எந்த அளவுக்குக் கணக்கில் கொள்ளலாம், எதைக் கட்டாயம் பிறகு ஈடுகட்ட வேண்டும் என்பதைத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் செவிலியர் குழுமமும் இப்போதே முடிவு செய்து வைக்க வேண்டும்.

காப்பீடு குறித்து. 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் 50 லட்சம் ரூபாய் திட்டத்தில் ஒப்பந்தப் பணியாளரும் தனியார் மருத்துவமனை ஊழியரும்கூட வர முடியும் என்று இருந்தது. சிக்கல் தகுதியில் இல்லை, தாளில். இறந்தவர் கோவிட் பராமரிப்பில் ஈடுபடுத்தப்பட்டார், நோயாளிகளோடு நேரடித் தொடர்பில் இருந்திருக்கலாம் என்று நிறுவனம் சான்று தர வேண்டியிருந்தது. பணிப் பட்டியல் வெள்ளைத்தாளில் எழுதி வாரக் கடைசியில் கிழித்தெறியப்பட்டால் அந்தச் சான்றுக்கு ஆதாரம் ஏது? மாணவியின் பெயரோ பட்டியலிலேயே இருக்காது. ஒவ்வொரு ஷிப்டிலும் வார்டில் இருந்த அனைவரின் பெயரையும், மாணவர், ஒப்பந்தப் பணியாளர், தூய்மைப் பணியாளர் உட்பட, பதிவேட்டில் எழுதிப் பாதுகாக்க வேண்டும். பணியில் சேரும் நாளிலேயே ஈடுபடுத்தல் சான்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும். குடும்பம் துக்கத்தில் இருக்கும்போது அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்கக் கூடாது.

தனிமைப்படுத்தல் நாட்களும் நோயுற்ற நாட்களும் பணிக்காலமாகவே கொள்ளப்பட வேண்டும். தொகுப்பூதியத்தில் உள்ளவருக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படும் என்றால், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு அவர் டூட்டிக்கு வருவார். அடுத்த நாள் ஷிப்டே படுத்துவிடும்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகக் கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31 உடன் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. மாற்றுப் பணி தருவதாக அரசு அறிவித்தது. பணி நிரந்தரம் குறித்த கோரிக்கை தனியாக நிலுவையில் உள்ளதால் இங்கே அதற்குள் போகவில்லை. ஐசியூ அனுபவம் பெற்ற அவர்களின் பெயர், பதிவு எண், எந்தக் கருவியில் பழகியவர் என்ற விவரத்தோடு மாவட்ட வாரியாக ஆயத்தப் பட்டியல் ஒன்றாவது இருக்க வேண்டாமா? ஆண்டுக்கு ஐந்து நாள், ஊதியத்துடன் புத்தாக்கப் பயிற்சி கொடுத்தால் அடுத்த முறை முதல் நாளிலேயே கை கொடுப்பார்கள்.

மனநல ஆலோசனைக்கு 104, 14416 என்று எண்கள் உள்ளன. சொல்வது மேலிடத்துக்குப் போகாது என்ற உறுதி இருந்தால்தான் செவிலியர் பேசுவார். வார்டில் தாக்குதல் நடந்தால் புகார் கொடுப்பது பாதிக்கப்பட்ட செவிலியரின் தனிப்பட்ட பொறுப்பாக இல்லாமல் நிலைய மருத்துவ அலுவலரின் கடமையாக இருக்க வேண்டும்.

மேற்கண்டவற்றில் பலவற்றுக்குப் பணம் தேவை, காலமும் தேவை என்பதை அறிவோம். ஷிப்ட் பதிவேடு, சேரும் நாளிலேயே சான்று, மாணவர்களுக்கான இரண்டு பட்டியல்கள், உடை கழற்றும்போது பார்வையாளர் ஆகிய நான்குக்கும் நிதி ஒதுக்கீடே வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அவற்றை முதலில் வெளியிட்டு, மற்றவற்றுக்கு மருத்துவக் கல்வி இயக்ககம், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம் ஆகியவற்றின் அலுவலர்களோடு, வார்டில் பணிபுரியும் செவிலியர்களும் செவிலியர் ஆசிரியர்களும் இடம்பெறும் குழு ஒன்றை அமைத்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பமிட்டோர்)

நகல்:
1. மருத்துவக் கல்வி இயக்குநர் அவர்கள்
2. மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்கள்
3. பதிவாளர், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம்