விற்பனையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய கடையொன்றில் தீ விபத்தோ நெரிசலோ நேர்ந்தால், தீயணைப்புக் கருவிகள் இருந்தனவா, உரிய சான்றுகள் பெறப்பட்டிருந்தனவா என்ற இரண்டு கேள்விகளை மறுநாள் எல்லாரும் கேட்கிறோம். கேட்க வேண்டியவைதாம். பெருங்கடைகளில் தளப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அவற்றுக்கு முந்தைய கேள்வி ஒன்று ஒவ்வொரு முறையும் விடுபட்டுப் போவதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஆபத்து கண்ணில் பட்ட நேரத்தில், மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திராமல் விற்பனையை நிறுத்தவும் மக்களை வெளியேற்றவும் அந்தக் கட்டடத்துக்குள் யாருக்காவது அதிகாரம் இருந்ததா?

தென்கொரியத் தலைநகர் சியோலில் சாம்பூங் பல்பொருள் அங்காடி 1995 ஜூன் 29 அன்று இடிந்து விழுந்ததில் 502 பேர் இறந்தனர். அன்று காலையிலேயே ஐந்தாம் தளத்து விரிசல்கள் அகன்றிருந்ததை நிர்வாகத்தினர் நேரில் பார்த்தனர், மேல்தளத்தை மூடினர், கீழ்த்தளங்களில் வியாபாரத்தைத் தொடர்ந்தனர். கட்டடம் சரிந்தபோது மாலை ஆறு மணி ஆகியிருக்கவில்லை. பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் 2004 ஆகஸ்ட் 1 அன்று தீப்பிடித்த சூப்பர் மார்க்கெட்டில் ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். பணம் செலுத்தாமல் எவரும் பொருளோடு போய்விடக் கூடாது என்பதற்காகக் கதவுகளை மூடச் சொன்னார்கள் என்று தப்பியவர்கள் கூறினர். உரிமையாளரும் அவர் மகனும் காவலாளி ஒருவரும் பின்னர் தண்டிக்கப்பட்டனர்.

அந்தக் கதவு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொடூர மனம் படைத்தவர்கள்தாம் அவசரகால வழியைப் பூட்டுவார்கள் என்று வெளியிலிருப்போர் நினைக்கலாம். பூட்டுபவர் பெரும்பாலும் தன் வேலைக்குப் பயந்தவர். கிளை மேலாளரிடம் மாதந்தோறும் விற்பனைக் கணக்கும், காணாமல்போன சரக்கின் கணக்கும் கேட்கப்படுகின்றன. சரக்கு குறைந்தால் அவருடைய ஊக்கத்தொகை குறையும், சில இடங்களில் ஊழியர் சம்பளத்திலும் கைவைப்பார்கள். அவசர வழி பூட்டிக் கிடப்பதற்காக மாதாந்தரக் கூட்டத்தில் ஒருவரை நிற்கவைத்துக் கேட்டதை நான் பார்த்ததே இல்லை. அதனால் கதவில் பூட்டு தொங்குகிறது, சாவி கடையின் காவல் பொறுப்பாளருடைய மேசைக்குப் போகிறது, அவருக்கு வார விடுமுறை வரும் நாளில் அது எங்கே என்று யாருக்கும் தெரிவதில்லை. இத்தனைக்கும், வெளியிலிருந்து திறக்க முடியாததும், உள்ளிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினால் சாவியின்றித் திறந்து அந்தக் கணமே அலாரம் எழுப்புவதுமான கதவுகள் வெகுகாலமாகவே கிடைக்கின்றன. திருட்டுக்கும் தீக்கும் ஒரே கதவில் தீர்வு இருக்கிறது. அதற்கான செலவு, ஏனோ, அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கே தள்ளிவைக்கப்படுகிறது.

பூட்டாத கதவும் பல கடைகளில் பயன்படுவதில்லை. தள்ளுபடி விற்பனைக்கு முந்தைய இரவு வந்திறங்கும் அட்டைப்பெட்டிகளுக்குக் கிடங்கில் இடமிருக்காது. ‘காலையில் எடுத்துவிடலாம்’ என்று படிக்கட்டின் திருப்பத்தில் அடுக்குவார்கள். காலையில் அதே பெட்டிகளின்மேல் வேறு பெட்டிகள் ஏறியிருக்கும். கிடங்கில் உச்சி வரை அடுக்கினால், கூரையிலுள்ள தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்தும் பயனில்லை. அதற்குக் கீழே குறைந்தது 45 செ.மீ. வெற்றிடம் விட்டால்தான் நீர் விரிந்து விழும். இது தெரியாதவர்கள் அல்லர் கிடங்கு ஊழியர்கள். சரக்கை இறக்காதே, வண்டியைத் திருப்பி அனுப்பு என்று சொல்லும் உரிமைதான் அவர்களுக்கு இல்லை.

ஒத்திகைகளைப் பற்றியும் ஒரு சொல். கடை திறப்பதற்கு முன், வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத வேளையில் நடத்தி, புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பதே வழக்கமாகிவிட்டது. அதில் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் மட்டும் கலந்துகொள்கின்றனர். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களும், பொருள் நிறுவனங்கள் அனுப்பும் விளம்பர ஊழியர்களும் மாலைக் கூட்டத்தில் தளமெங்கும் நின்றாலும், ஒத்திகைக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. பில் போடும் பெண் அலாரம் கேட்டதும் என்ன செய்வார்? கல்லாப் பெட்டியைப் பார்ப்பார். அதில் பணம் குறைந்தால் தானே ஈடுகட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கல்லாவை அப்படியே விட்டு வெளியேறலாம், குறைவுக்கு அவர் பொறுப்பல்ல என்று எழுத்து மூலம் உறுதி தராத நிர்வாகத்தின் எந்த ஒத்திகையும் பாவனையே.

ஊழியரின் உடல்நலத்தை இதிலிருந்து பிரித்துப் பார்ப்பதற்கில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1964-இல் ஏற்ற 120-ஆம் உடன்படிக்கை, வணிக நிறுவனங்களில் பணியாளர்களுக்குப் போதிய இருக்கைகளையும், அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பையும் தர வேண்டும் என்கிறது. இருக்கை மட்டும் போதாது, உட்கார வாய்ப்பும் வேண்டும் என்று அன்றே எழுதியவர்கள் கடைகளை நன்கு அறிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தவரைக் கேமராவில் பார்த்துக் கண்டிக்கும் கடைகள் இருக்கின்றன. நாள் முழுதும் நின்று, இடுப்புவலியோடும் காலில் புடைத்த நரம்புகளோடும், கழிவறைக்குப் போகவும் அனுமதி கேட்டு வேலை பார்க்கும் ஒருவர், தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, ஏணியின் ஒரு கால் ஆடுகிறது என்று துணிந்து சொல்வார் என எதிர்பார்ப்பது எப்படி?

எனவே, ஒவ்வொரு பணிநேரத்துக்கும் பெயர் குறித்து ஒரு பொறுப்பாளரை நியமித்து, விற்பனையை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்கு எழுத்தில் வழங்க வேண்டும்; பொய்யான எச்சரிக்கை என்று பின்னர் தெரியவந்தாலும் அவர்மீது நடவடிக்கை கூடாது. மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளைப் பதிவேட்டில் எழுதும் கிளையைக் குறை கூறக் கூடாது; மாதக்கணக்கில் ஒரு பதிவுகூட இல்லாத கிளையைத்தான் விசாரிக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, கூட்டமில்லாத வாரநாள் முற்பகலில் வராதீர்கள். தள்ளுபடி விற்பனை நடக்கும் நாளில், மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் வந்து, பின்படிக்கட்டு வழியாக மேல்தளம் வரை ஏறிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பெருங்கடைகளின் முன்னாள் தளப் பொறுப்பாளர் ஒருவர்