பீலிக்கரை போட்டோ

அப்புத்தளை
ஆகஸ்ட் 24

அன்புள்ள சிவா,

உன் கடிதம் ஏழு மாதமாக மேசையில் கிடக்கிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே. சின்னவள் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் எட்டாம் நம்பர்த் தேயிலைக்கு மேலே மலை எரிந்தது உனக்குத் தெரியும். யாரோ மானாப்புல்லுக்கு வைத்த தீ, ஆடிக் காற்றில் பைனஸ் மரங்களுக்குத் தாவி ஓடைக்காட்டுக்குள் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம். ராச்சாப்பாடு முடிந்ததும் லெப்டொப்பில் செய்மதிப் படம் பார்ப்பது. சிரிக்காதே. ஐரோப்பாக்காரர்களின் சென்டினல்-2 செய்மதி ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலே போகிறது. படம் இலவசம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கட்டம். ஆறேழு கட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசையே முடிந்துவிடுகிறது.

நல்ல இலை சிவப்பு ஒளியைத் தின்றுவிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ, அதாவது பச்சையை அளக்கிற எண். அடர்ந்த காடு 0.8 பக்கம் நிற்கும், வெறும் மண் 0.2-ஐத் தாண்டாது. கணக்கில் உன்னைப் பார்த்து எழுதியவன்தான் இதைச் சொல்கிறேன்.

செப்டெம்பரில் எல்லாம் கறுப்பு. நவம்பர் முழுக்க மேகம். டிசம்பர் கடைசியில் ஒருநாள் வெளித்தது, திறந்தால் மலை முழுக்கப் பச்சை! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மழைக்கு மாட்டுக் கொட்டில் கூரையிலயும்தான் புல்லு மொளைக்குது" என்று சொல்லிவிட்டு வெற்றிலை இடிக்கப் போய்விட்டார்.

கோபம் வந்தது. ஆனால் அம்மா சொன்னதுதான் சரி. மானாப்புல்லின் வேர் தீயில் சாகாது, முதல் மழைக்கே கிளம்பிவிடும். அந்தக் கணக்குக்குப் புல்லும் பச்சை, மரமும் பச்சை. வறட்சிக்காலப் படத்தோடு மழைக்காலப் படத்தை வைத்துப் பார்த்தது என் மடத்தனம். ஆகஸ்டை ஆகஸ்டோடுதான் வைக்க வேண்டும். அப்போதுதான் புல் காய்ந்து வெளுக்கும், ஆழ வேர் விட்ட காடு பச்சையாகவே நிற்கும். அதற்காக இவ்வளவு நாள் காத்திருந்தேன். தீக்கு முந்திய ஆகஸ்டில் ஓடையோரம் ஒரு பச்சைக் கோடு, தண்ணீர் கொட்டுகிற நம் பீலி வரைக்கும் இறங்குகிறது. போன வாரப் படத்தில் அது பாதியிலேயே அறுந்து கிடக்கிறது.

நேற்று ஏறிப் போய்ப் பார்த்தேன். இடுப்பளவு காய்ந்த புல், நடுவில் கருகிய அடிமரங்கள். பீலியில் விரல் தடிமனுக்குத்தான் தண்ணீர். இதே மாதத்தில் அதில் தலையைக் கொடுத்துக் குளித்தவர்கள் நாம். பயமாக இருக்கிறது, சிவா. இன்னொரு தீ வந்தால் அந்தப் புல்லே மிச்சக் காட்டையும் கொண்டுபோய்விடும்.

ஐப்பசி மழைக்குக் கன்று நடலாம் என்று பொடியன்கள் நிற்கிறார்கள். என்ன மரம் நடுவது? நாம் பள்ளிக்கூடம் போன காலத்து லேண்ட்செட் என்கிற அமெரிக்கச் செய்மதியின் படமும் கிடைக்கிறது. ஆனால் அது முப்பது மீட்டர் கட்டம். காடு இருந்தது தெரியும், என்ன மரம் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. உன் மாமாவின் கெமராவில் பீலிக்கரையில் எடுத்த போட்டோக்கள் உன்னிடம்தானே இருக்கின்றன, சோதி செருப்பைத் தொலைத்த அன்று எடுத்தவை? நம் மூஞ்சிகள் வேண்டாம். பின்னால் நிற்கிற மரங்களின் இலை தெரிகிற மாதிரி பெரிதாக ஸ்கேன் பண்ணி, மழைக்கு முன்னால் அனுப்பு.

ராஜு