ரெஸ்யூமே வகுப்பைக் குறைத்து, ஆளைத் தேடக் கற்றுக்கொடுங்கள்: பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். ஹெச்.ஆர். பிரிவில் அல்ல. ஒரு குழுவை நடத்துகிறேன், அதில் இடம் காலியானால் யாரை எடுப்பது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. உங்கள் மாணவர்களின் விண்ணப்பங்கள் என்னிடம் வருகின்றன. ஆனால் என்னை வந்து சேராமலே நின்றுபோகும் விண்ணப்பங்கள்தான் அதிகம். அவற்றை அனுப்பியவர்களில் பலர், வந்து சேர்ந்தவர்களைவிட எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்ல. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சிரமம் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒவ்வொரு கம்பெனியாகப் பேசி வளாகத்துக்கு அழைத்துவர வேண்டும், நேர்முகத் தேர்வுக்கு அறை ஒதுக்க வேண்டும், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று நிர்வாகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இதற்கு நடுவில் பயிற்சி வகுப்பும் நடத்துகிறீர்கள். அந்த வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி ரெஸ்யூமே வடிவத்துக்கும் ஆப்டிடியூட் தேர்வுக்கும் குழு விவாதத்துக்கும் போய்விடுகிறது. வளாகத்துக்கு வரும் கம்பெனிகளுக்கு அது சரி. ஆனால் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காத கம்பெனிகள்தான் எண்ணிக்கையில் அதிகம். வளாகத் தேர்வில் இடம் கிடைக்காத மாணவர் அங்கே யாரைப் போய்ப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? இதற்கு உங்கள் பாடத்திட்டத்தில் இடமே இல்லை.

ஒரு வேலை எப்படிக் காலியாகிறது என்பதை முதலில் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் விளம்பரம் வந்த நாளில்தான் அந்த வேலை பிறந்ததாக நினைக்கிறார்கள். என் குழுவில் ஒருவர் ராஜினாமா செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே நான் மற்றவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்குத் தெரிந்து யாராவது இருக்கிறார்களா?" என்பதுதான். பிறகு என் மேலதிகாரியிடம் பேசி, அந்த இடத்தை நிரப்ப அனுமதி வாங்க வேண்டும். நிதிப் பிரிவு தலையசைக்க வேண்டும். ஹெச்.ஆர். பழைய விளம்பரத்தை எடுத்து நாலு வரி மாற்றி எனக்கு அனுப்புவார்கள், நான் திருத்தித் திருப்பி அனுப்புவேன். இத்தனையும் முடிந்து விளம்பரம் வெளியாகும்போது என் கையில் இரண்டு மூன்று பெயர்கள் ஏற்கெனவே இருக்கும். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களை நான் நேர்மையாகத்தான் பரிசோதிப்பேன், எல்லாருக்கும் ஒரே கேள்விகள்தான். ஆனால் அவர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள் என்பது உண்மை. விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பவர் அந்த வரிசையின் வால்பக்கம் சேருகிறார்.

இது என் அலுவலகத்தில் மட்டும் நடப்பதல்ல. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியான தன் ஆய்வுக்காக, அமெரிக்காவின் நியூட்டன் நகரில் அப்போதுதான் வேலை மாறியிருந்தவர்களிடம் அது எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றிருந்தார்கள். அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அடுத்து கேட்டார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 56 சதவீதத்தை ஒட்டி. அரிதாகத்தான் என்றவர்கள் சுமார் 28 சதவீதம். நெருங்கிய நண்பரும் சொந்தக்காரரும் நமக்குத் தெரிந்த செய்தியைத்தான் தாங்களும் வைத்திருப்பார்கள். பேருக்குப் பழகியவர் வேறு வட்டத்தில் இருப்பதால் வேறு செய்தி கொண்டுவருகிறார். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, வேலை சார்ந்த தொடர்புகளுக்கான லிங்க்டுஇன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தொடர்புகளை 5 ஆண்டு அளவில் பார்த்தது. அதிலும் ஓரளவு தூரத்துப் பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவியது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் கனக்கிறது. அப்பாவோ அம்மாவோ அலுவலகத்தில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தூரத்துப் பழக்கம் தானாகவே அமைந்துவிடுகிறது. குடும்பத்தில் முதல் முறையாகப் பட்டம் வாங்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு முகமும் தெரியாது. "தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள்" என்று மேடையில் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? அதற்குத் தேவையான முகங்கள் உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. முன்னாள் மாணவர் பட்டியலைத்தான் சொல்கிறேன்.

பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் வறுமையோடு வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, எந்த வழியில் போ, யாரைப் பார், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லி அனுப்புவதை ஆற்றுப்படை என்ற தனி இலக்கிய வகையாகவே வைத்திருந்த மொழி இது. வேலையில் சேர்ந்துவிட்ட மாணவர் அடுத்து வருபவருக்குச் செய்ய வேண்டியதும் இதுதான். அந்த இருவரையும் சந்திக்க வைக்க உங்களால் மட்டுமே முடியும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். முன்னாள் மாணவர்களிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இப்போது எங்கே, என்ன வேலை பார்க்கிறீர்கள்? நம் மாணவர் ஒருவர் தொடர்புகொண்டால் இருபது நிமிடம் பேசுவீர்களா? சம்மதம் சொன்னவர்களை மட்டும் துறைவாரியாகப் பிரித்து மாணவர்களுக்குக் கொடுங்கள். விழா மேடைக்கு வரும் பெரிய பதவிக்காரர்களைவிட, சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆனவர்கள் அதிகம் பயன்படுவார்கள். எந்தக் குழுவில் ஆள் தேவைப்படுகிறது, நேர்முகத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். எடுத்த எடுப்பிலேயே வேலை கேட்டால் எதிரில் இருப்பவர் சங்கடப்படுவார், ஏனென்றால் வேலை அவர் கையில் இல்லை. உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது, இந்த வேலைக்கு நான் எதில் தேறியிருக்க வேண்டும், உங்கள் குழுவுக்கு ஆள் எடுப்பது யார் என்று கேட்டால் மனம் திறந்து பேசுவார். விடைபெறும் முன், "இன்னும் யாரிடம் பேசினால் நல்லது?" என்று ஒரு கேள்வி. சில சமயம் அந்த ஒரு கேள்விக்கு வரும் பதில்தான் முழுப் பேச்சையும்விட மதிப்புள்ளதாக இருக்கும்.

ரெஃபரல், அதாவது உள்ளே இருக்கும் ஊழியரின் பரிந்துரை, கேட்பதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் இதில்தான் வாய்ப்பை இழக்கிறார்கள். பல கம்பெனிகளில், மாணவர் இணையத்தில் தானே விண்ணப்பித்துவிட்டால் அதன் பிறகு ஊழியர் கொடுக்கும் பரிந்துரை கணக்கில் ஏறாது. ஆகவே உள்ளே தெரிந்தவர் இருந்தால் முதலில் அவரிடம் பேச வேண்டும், அப்புறம்தான் விண்ணப்பம். யாருமே தெரியாத கம்பெனியாக இருந்தால் முதலில் விண்ணப்பித்துவிட்டு, அதே நாளில் ஆள் எடுக்கும் மேனேஜருக்கு எழுத வேண்டும். அவருக்குப் பிடித்திருந்தால் "இந்தப் பெயரைத் தேடி எடுங்கள்" என்று ஹெச்.ஆரிடம் சொல்வதற்கு விண்ணப்பம் உள்ளே இருக்க வேண்டுமே.

அந்த மேனேஜர் யார் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. விளம்பரத்திலேயே சில நேரம், யாருக்குக் கீழே வேலை என்று பதவிப் பெயர் இருக்கும். லிங்க்டுஇன்னில் அந்தக் கம்பெனியின் பக்கத்துக்குப் போய், அங்கே வேலை செய்பவர்கள் பட்டியலில் பிரிவின் பெயரையும் "மேனேஜர்", "லீட்" போன்ற சொற்களையும் போட்டுத் தேடினால் நாலைந்து பேர் தேறுவார்கள். "என் குழுவுக்கு ஆள் தேவை" என்று அவர்களில் ஒருவரே பதிவு போட்டிருக்கவும் கூடும். சின்ன கம்பெனி என்றால் நேராக நிறுவனருக்கே எழுதலாம். எழுதுவது அலுவலக மின்னஞ்சலுக்கு அல்லது லிங்க்டுஇன்னில் மட்டும். சொந்த போன் நம்பரைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் வருபவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இப்போது எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த மாதிரி: "நான் கடின உழைப்பாளி. எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன். தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் ஏதாவது வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்." இதற்குப் பதில் எழுத எனக்கு வழி தெரியவில்லை. எந்த வேலை, அதற்கு இவர் எப்படிப் பொருந்துவார் என்பதை நானே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக இப்படி ஒன்று வந்தால்:

"வணக்கம். உங்கள் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்க ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து இன்று காலை விண்ணப்பித்தேன். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் கருவிகளின் பதிவேடும் அலமாரியில் இருப்பதும் எப்போதும் ஒத்துப்போகாது. புராஜெக்டுக்காக அந்தப் பதிவேட்டை எக்செல்லுக்கு மாற்றி, வாரம் ஓர் அலமாரி என்று எண்ணிப் பார்த்தேன். உடைந்தவற்றை யாரும் பதிவதில்லை என்பதுதான் காரணம் என்று தெரிந்தது. விளம்பரத்தில் நீங்கள் சொல்லியிருக்கும் சுழற்சி முறை எண்ணிக்கையை இப்படிச் சிறிய அளவில் செய்திருக்கிறேன். அந்தத் தாளை இணைத்துள்ளேன். இந்த வாரம் பத்து நிமிடம் பேச முடியுமா?"

இதைப் படித்தால் நான் இணைப்பைத் திறப்பேன். இதில் தன்னைப் பற்றி ஒரு பெருமைச் சொல்கூட இல்லை. என் பிரச்சினை என்னவென்று புரிந்துகொண்டிருக்கிறார், அதுபோன்ற ஒன்றில் கை வைத்திருக்கிறார், என்ன வேண்டும் என்பதையும் ஒரே வரியில் கேட்டுவிட்டார். ஆய்வகப் பதிவேடு சின்ன விஷயம்தான், ஆனால் உடைந்தவை பதிவாகவில்லை என்று கண்டுபிடித்தவர் என் கிடங்கிலும் அதைக் கண்டுபிடிப்பார். உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. புராஜெக்ட், விழாவுக்கு வரவு செலவு பார்த்தது, பகுதிநேர வேலை, எதுவாகவும் இருக்கலாம். அதைத் தோண்டி எடுத்து எழுதவைக்க ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ரெஸ்யூமே எழுத்துருவுக்குச் செலவிடும் நேரத்தை தயவுசெய்து இதற்குக் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் நினைவூட்டலாம். நானே பலமுறை நினைவூட்டலுக்குப் பிறகுதான் பதில் எழுதியிருக்கிறேன், முதல் கடிதம் வேலை நெருக்கடியில் அமுங்கிப்போயிருக்கும். இன்னும் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம், அடுத்த கம்பெனிக்கு நகர்ந்துவிட வேண்டும். மௌனத்தைத் தன் தகுதிக்கு வந்த தீர்ப்பாக மாணவர் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடமே ரத்தாகியிருக்கலாம், மேனேஜர் விடுப்பில் இருக்கலாம்.

ரெஸ்யூமேயைக் கணினி தூக்கி எறிந்துவிடும் என்று மாணவர்களைப் பயமுறுத்தும் வகுப்புகளும் நடக்கின்றன. விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளில் பெரும்பாலும் தானாக நிராகரிப்பது, ஆம் இல்லை என்று கேட்கும் தகுதிக் கேள்விகள்தான். ரெஸ்யூமேயில் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்: பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே பத்தி வரிசை, சாதாரண எழுத்து, படத்துக்குள் வாசகம் வைக்காமல் இருப்பது, விளம்பரத்தில் உள்ள சொற்கள் தனக்கு உண்மையாகவே பொருந்தினால் அதே சொற்களில் எழுதுவது. இது அரை மணி நேரப் பாடம்.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் சொன்னதெல்லாம் தனியார் வேலைகளுக்குப் பொருந்தும். போட்டித் தேர்வு வைத்து எடுக்கும் அரசுப் பணிகளில் அதிகாரியை அணுகி ஆதரவு தேடினால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். அப்புறம், வேலை தருகிறேன் என்று பதிவுக் கட்டணமோ முன்பணமோ கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே விலகிவிட வேண்டும். வேலைக்காக ஏங்கி நிற்கும் பிள்ளைக்கு இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் அந்த நேரத்தில் நினைவுக்கு வரும்.

இதையெல்லாம் இறுதியாண்டின் கடைசிப் பருவத்தில் வைத்தால் பலன் குறைவு. அறிமுகம் பழக்கமாக மாற மாதங்கள் ஆகும். இரண்டாம் ஆண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் முன்னாள் மாணவர் இரண்டு பேரிடம் பேசி, என்ன கேட்டார், என்ன தெரிந்துகொண்டார் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று வையுங்கள். அதற்கு மதிப்பெண் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முதல் அழைப்புக்கு முன் கூச்சப்படுபவர்களுக்கு உங்கள் அறையிலேயே இடம் கொடுத்து, அவர்கள் பேசி முடிக்கும் வரை கூட இருங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களின் கடிதங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு குழு மேனேஜர்