மாசி நிலவில் தப்பெடுத்த கைகளுக்கு

அன்பான தோட்டத்து மக்களுக்கும், அயல் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்து கலந்துகொண்ட உறவுகளுக்கும் வணக்கம்.

சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் நம் காமன் கூத்து, மாசி மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கி, பௌர்ணமி இரவில் காமன் தகனத்தோடும், அதற்குப் பின் தப்பு என்னும் தோற்பறையோடு விடியும்வரை நடந்த வட்டத்தோடும் குறைவின்றி நிறைவேறியது. அன்று யாருக்கும் முறையாக நன்றி சொல்ல முடியவில்லை. அத்தனை தப்புகளுக்கு மேலே எந்தத் தொண்டையும் எழும்பாது. அடியை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனமும் வரவில்லை. ஆகவே விழாக் குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தப்பு வாத்தியார் தாத்தாவுக்கு. அவருடைய தகப்பனார் இருட்டு விலகுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கூட்டத்துக்கு, தப்படித்தவர். பிரட்டுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமி அழைக்க வேறோர் அடி. லயத்து வரிசை வீட்டுக்குள் படுத்திருப்பவர்கூட அடியைக் கேட்டே சங்கதியைச் சொல்லிவிடுவார். அத்தனையையும் கைக்குள் வைத்திருந்த குடும்பத்தை நம் தோட்டம் எங்கே நிறுத்தி வைத்திருந்தது? கோயில் வாசலுக்கு வெளியே. சாவு வீட்டு முற்றத்தின் ஓரத்தில். கூலி என்று ஒரு போத்தல் சாராயமும் மிஞ்சிய சோறும். தப்பில்லாமல் தேர் நகராது, பாடை எழும்பாது. ஆனால் தப்படித்தவர் குடித்த குவளையை இன்னொருவர் தொடமாட்டார். தன் பிள்ளைகளுக்கு இந்தச் சிறுமை வேண்டாம் என்றுதான் தாத்தா தப்பைப் பரணில் ஏற்றிவைத்தார். நம் பிள்ளைகள் போய்க் கேட்டபோது, பழையதை ஒரு சொல்கூடச் சொல்லிக்காட்டாமல் அதை இறக்கிக் கொடுத்த அந்தப் பெருந்தன்மைக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

இம்முறை கம்பம் ஊன்றிய அன்று முதல் மரியாதை அவருக்குத்தான். வெற்றிலைத் தட்டும் துண்டும் அவர் கைக்குப் போன பிறகே தலைவர்மாருக்குப் போயின. அதற்கு இசைந்த பெரியவர்களுக்கும், முதலில் முகம் சுளித்து ஒதுங்கிப் பின்பு தம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர்களுக்கும் சேர்த்தே நன்றி. வர மறுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலிலும் அழைப்பு வெற்றிலை வைத்தோம். அடுத்த மாசியிலும் வைப்போம்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் பழைய பிரட்டுக்களத்தில் கூடுவது என்று தீர்மானித்தது நல்ல தீர்மானம். அன்று மலை வேலை இல்லை, பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை, சாராயக் கடையும் திறப்பதில்லை. குடித்துவிட்டு யாரும் தப்பைத் தொடக்கூடாது என்பதுதான் வட்டத்தில் நாம் வைத்துக்கொண்ட ஒரே கட்டுப்பாடு. பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய அதே களத்தில் மேட்டு லயம், பணிய லயம் என்ற பேதமில்லாமல் வட்டமாக நிற்கும்போது, யார் முன்னால், யார் பின்னால் என்ற பேச்சு எழவே இல்லை. ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் கேட்டுக் கேட்டுச் சேர்ந்துகொள்வதுதான் முறை. தாத்தா வாயால்தான் சொல்லிக் கொடுத்தார். சொற்கட்டு நாக்கில் படியும்வரை குச்சியைக் கையில் தரமாட்டார்.

தப்பு காய்ச்சும் வேலையை ஏற்றுக்கொண்ட பையன்களைத் தனியே குறிப்பிட வேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து பனி மேலேறி வந்தால் தோல் தொய்ந்துவிடும். பிறகு எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். இவர்கள் பகலிலேயே மானாப்புல் அறுத்து உலர்த்தி வைத்தார்கள். சட்டத்தை விளிம்பில் பிடித்து, முகத்தைத் தீக்குக் காட்டி, நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்டால் தோல் சுருங்கி வெடித்துவிடும். இடையிடையே விரல் நுனியால் சுண்டிப் பார்த்து, ‘டங்’ என்று கணீரென்று திரும்பி வந்தால்தான் அடுத்ததை எடுப்பார்கள். இரவு முழுக்கப் புகையில் கண் எரிய இதையே செய்தவர்களால் கூத்தை ஒரு காட்சிகூட நின்று பார்க்க முடியவில்லை. மாசி வெயிலில் காய்ந்து கிடந்த புல்மேட்டில் பொறி பறந்து தீப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீர்ப் பீப்பாய்களோடு காவல் நின்ற தம்பிகளுக்கும் இந்த நன்றி உரியது.

அடுத்து எங்கள் கொழுந்தெடுக்கும் அக்காமார். பெண்கள் தப்பைத் தொடுவதா என்று கேட்டவர்கள் உண்டு. பேச்சால் பதில் சொல்லாமல் வட்டத்துக்குள் வந்து நின்றார்கள் இவர்கள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து வெடித்த விரல்களுக்கு நடுவே தப்படிக்கும் சிம்புக்குச்சி நிற்காமல் வழுக்கியது. தாத்தா ஓர் அக்காவின் சுட்டுவிரலை மெல்லத் தூக்கிக் குச்சியின் மேலே நீட்டி வைத்தார், அவ்வளவுதான். நாள் முழுதும் ஒரே வேகத்தில் பறித்துப் பழகிய மணிக்கட்டு அது. பிடிபட்ட அடியை விடவில்லை. ஆண்கள் களைத்து உட்கார்ந்த நள்ளிரவுக்குப் பின் வட்டத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்கள்தான். மறுநாள் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய வேலைப் பதிவை, இழந்தவர்களும் அவர்களே. அந்தச் சம்பளம் எத்தனை வீட்டில் அடுப்புக்கு உரியது என்பது நமக்குத் தெரியும்.

நம் சாமிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னாரில் கரையிறங்கி மாத்தளைக் காட்டு வழியாகக் கால்நடையாக வந்த நம் முன்னோர் கொண்டுவந்தவை முனியாண்டியும் மாடசாமியும் மாரியம்மனும். 1823 இல் ஜோர்ஜ் பேர்ட் சிங்ஹாபிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டதிலிருந்து கணக்கிட்டு, 2023 இல் இலங்கை மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த வழியில் செத்து விழுந்தவர்கள் கும்பிட்ட சாமிகள் இவை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பிறகு இந்த மண்ணிலேயே புதிய சாமிகளும் பிறந்தன. ஆலைச் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி கையைப் பதம் பார்க்காமலிருக்கக் கவ்வாத்துச் சாமி. தாங்கள் பயந்த இடத்திலெல்லாம் ஒரு கல்லை நட்டு, பொட்டிட்டு, துணை கேட்ட மக்கள் நாம். இந்தச் சாமிகளுக்குக் கோபுரம் வேண்டாம். மழையும் பனியும் படும் மரத்தடியே போதும். அந்தக் கல்லைப் பெயர்த்துச் சீமெந்துக் கட்டடத்துக்குள் வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று உறுதியாக நின்ற பூசாரி ஐயாவுக்கும் கோடாங்கி மாமாவுக்கும் நம் பேரப்பிள்ளைகளும் நன்றி சொல்வார்கள்.

நம் லயத்தில் பிறந்து கனடாவில் வாழும் தம்பி ஒருவர் தோல் வாங்கப் பணம் அனுப்பினார். அவர் சொல்லித்தான் ஒரு செய்தி தெரிந்தது. கிறிஸ்தவத்துக்கு முந்திய இயற்கை வழிபாட்டைத் தேடிச் செல்லும் மக்கள் அமெரிக்காவில் இருக்கிறார்களாம். தங்களைப் பேகன்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1981 இல் தொடங்கிய ஸ்டார்வுட் என்ற விழாவில் ஒவ்வொரு யூலையிலும் கூடி, தீயைச் சுற்றி இரவெல்லாம் மேளம் கொட்டுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் அந்த வட்டத்தில் நின்றுதான் ஒரு சமூகமாகிறார்கள். அவர்களுடைய இழை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறுந்தது; நம்முடையது நைந்திருந்ததே தவிர அறவில்லை. இருப்பதைப் பிடித்துக்கொள்ள இது எங்களுக்குப் பெரிய தெம்பாக இருந்தது, தம்பி.

விரதமிருந்து காப்புக் கட்டிய மன்மதனுக்கும் ரதிக்கும், ஓலை கொண்டுவந்த தூதனுக்கும், சிவனுக்கும் வீரபத்திரருக்கும் எமனுக்கும் நன்றி. ரதியின் ஒப்பாரியை எழுத்தின் துணையில்லாமல் மனத்திலிருந்தே பாடித் தந்த பாட்டிக்கு நூறு நன்றிகள். அவர் பாடியதைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள்; விடுபட்ட அடிகளைக் கேட்டு நிரப்பும் பணி தொடர்கிறது.

பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து கெட்டபெரய என்னும் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த மூத்த கலைஞர், அழைப்பே இல்லாமல் சத்தம் கேட்டு வந்தவர். தாத்தாவும் அவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் அடிக்க மற்றவர் எடுத்துக்கொடுக்க, நாங்கள் எல்லோரும் குச்சியைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐயா, அடுத்த முறை அழைப்பு வெற்றிலை உங்கள் வீட்டுக்கு முதலில் வரும்.

ஆமணக்கும் கரும்பும் வைக்கோலும் ஏற்றி வந்து வாடகை வாங்காத லொறிக்காரர், கடனுக்குப் பெற்றோல்மாக்ஸ் தந்த நகரத்துக் கடை நானா, தண்ணீர் எடுக்க வழிவிட்ட பீலிக்கரை லயத்தார், மண்டபம் திறந்துவிட்ட பாடசாலை அதிபர், அனுமதி தந்த தோட்ட நிர்வாகத்தினர், பொலிஸ் உத்தியோகத்தர்கள், கொழும்புக் கடைகளிலிருந்து லீவு கேட்டு வந்து விறகு பிளந்த இளைஞர்கள், விடியற்காலையில் எல்லோருக்கும் ரொட்டியும் சம்பலும் இஞ்சித் தேநீரும் கொடுத்த மாதர் சங்கத்தினர், எல்லோருக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கு வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. யாரும் பார்க்கலாம், கேட்கலாம். மிஞ்சிய பணத்தில் பிள்ளைகளின் கைக்கு ஏற்ற சிறு தப்புகள் செய்ய மரம் சொல்லியிருக்கிறோம். பங்குனிப் போயாவன்று பிற்பகல் வழக்கம்போல் பிரட்டுக்களத்தில் வட்டம் கூடும். மானாப்புல் கொண்டுவரக்கூடியவர்கள் ஒரு கட்டுக் கொண்டுவாருங்கள். அண்டாவும் கம்பளியும் இரவல் தந்தவர்கள் அன்றே வந்து பெற்றுக்கொள்ளலாம்.

என்றும் அன்புடன்,
விழாக் குழுவினருக்காக அதன் செயலாளர்