முறைப்பாடு: என்னிடம் கேட்காமல் ஃபோர்மற் செய்யப்பட்ட ஹாட் டிஸ்க்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த மார்ச் மாதம் உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் 2 டெராபைட் ஹாட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். இரண்டு வருட வாறண்டி. பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். டிஸ்க் ஆறு மாதத்தில் பழுதானதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பழுதான டிஸ்க்கை உங்கள் கவுண்டரில் கையாண்ட விதத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டியன்று ஒரு சிறு நூல் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்போம். தேவாரங்களோடு அந்தக் குடும்பத்தின் வரலாறும் வம்சாவழியும் அதில் இருக்கும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கையில் கொண்டுபோன ஒரு பையோடு மிஞ்சிய வீடுகள் பல. அந்த வீடுகளுக்குப் பாட்டன் பூட்டன் பெயரைச் சொல்ல இருப்பது சிலவேளை ஒரேயொரு கல்வெட்டுத்தான். ஓய்வு பெற்றபின் இவற்றை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஸ்கான் செய்து, திருப்பிக் கொடுத்து வருகிறேன். 1,940 கல்வெட்டுகள் சேர்ந்திருந்தன. ஜூன் வரையானவற்றுக்கு வேறொரு பிரதி உண்டு. அதற்குப் பிந்திய 430 இந்த டிஸ்க்கில் மட்டுமே இருந்தன.

என் கணினியில் விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டு லினக்ஸ் இருக்கிறது. செப்டெம்பரில் ஒருநாள் ஸ்கான் செய்ததைச் சேமிக்கப் போனால் ‘ரீட் ஒன்லி’ (வாசிக்க மட்டும்) என்று மறுத்தது. இயங்குதளத்தின் மையமான கேர்னல் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன்; அந்த டிஸ்க்கின் பெயரோடு ஐ/ஓ பிழைகள், அதாவது வாசிக்கவோ எழுதவோ முடியாத பிழைகள், வரிசையாக இருந்தன. எழுத முடியாமல் பிழை வரும்போது, மிச்சத்தையும் குழப்பாமல் இருக்க லினக்ஸில் டிஸ்க்கின் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் ஈஎக்ஸ்ரி4 கோப்பு முறைமை தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அது பாதுகாப்பு. உங்கள் கவுண்டரில் இதையே ‘லினக்ஸ் டிஸ்க்கை லொக் பண்ணிப்போட்டுது’ என்றார்கள்.

நான் உடனே கணினியை நிறுத்தி, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றி, டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களை எடுத்தேன். வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) 88. ஏற்கனவே மாற்றி ஒதுக்கப்பட்டவை 16. கேபிள் கோளாறு என்றால் ஏற வேண்டிய சிஆர்சி பிழை (வழியில் தரவு சிதைந்ததைக் காட்டும் பிழை) எண்ணிக்கை பூச்சியம். டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும் நீண்ட சோதனையோ முடியாமலே, வாசிப்புத் தோல்வி என்று நடுவில் நின்றுவிட்டது. கணினி யூபிஎஸ்ஸில்தான் ஓடுகிறது, ஆகவே கரண்ட் போனதால் வந்த வினை என்றும் சொல்ல முடியாது. இவ்வளவையும் அச்சிட்டு, டிஸ்க்கோடு உங்கள் கிளைக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த தம்பி தாளின் மேல்வரியை மட்டும் பார்த்தார். “ரீச்சர், இதில பாஸ்ட் என்றுதானே போட்டிருக்கு? லினக்ஸ் போட்டால் இப்பிடித்தான்” என்றார். ‘தேறியது’ என்று பொருள்படும் அந்த ‘பாஸ்ட்’ என்ற சொல், தயாரிப்பாளர் வைத்த எல்லையை எண்கள் இன்னும் தாண்டவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. செக்டர்கள் வாசிக்க முடியாமல் கிடக்கும்போதும் அது அப்படியே வரும். கீழேயுள்ள எண்களைப் பாருங்கள் என்று இரண்டு தரம் கேட்டேன். பார்க்கவில்லை.

உள்ளே கொண்டுபோய் விண்டோஸ் கணினியில் மாட்டினார்கள். விண்டோஸுக்கு ஈஎக்ஸ்ரி4 தெரியாது. புது டிஸ்க் என்று நினைத்து ஃபோர்மற் செய்யவா என்று கேட்கும். யாரோ ‘ஓம்’ கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்து, “சரி, இப்ப வேலை செய்யுது, வாறண்டிக்கு எடுக்கேலாது” என்று கையில் தந்தார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. தரவு இருக்கிறது, அழிக்க வேண்டாம் என்று நான் கொடுத்த தாளின் தலைப்பிலேயே பெரிதாக எழுதியிருந்தேன்.

விரைவு ஃபோர்மற் கெட்ட செக்டரைத் திருத்தாது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது காத்திருக்கும் செக்டர்கள் 96 ஆகியிருந்தன.

அப்புறம் என் பெறாமகன் வந்தான். இன்னொரு டிஸ்க் வாங்கி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு பழுதான டிஸ்க்கை அப்படியே அதற்குப் பிரதி எடுத்தோம். அது முதலில் சுலபமாக வாசிக்கக்கூடியதை எடுத்துவிட்டு, சண்டித்தனம் செய்யும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். மூன்று இரவு ஓடியது. கோப்பு முறைமையைத் திருத்தும் எஃப்எஸ்செக் நிரலைப் பழுதான டிஸ்க்கில் ஓட்டவே கூடாது, பிரதியில்தான் ஓட்ட வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றான். கோப்பு முறைமையின் அமைப்பைக் குறித்துவைக்கும் முதன்மைச் சூப்பர்புளொக்கின் மேல் உங்கள் ஃபோர்மற் எழுதிவிட்டது. நல்ல காலம், 32768ஆம் புளொக்கில் அதன் நகல் தப்பியிருந்தது. அதை வைத்துத்தான் பெரும்பகுதியை மீட்டோம். 37 கல்வெட்டுகள் திறக்கவில்லை. அவற்றில் 11இன் மூலப்பிரதி உரியவர்களோடு கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டது. கெட்ட செக்டரால் போனது எவ்வளவு, ஃபோர்மற்றால் போனது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கைவைக்காமல் தந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது.

நான் கேட்பது இவைதான். டிஸ்க்கை வாறண்டியில் மாற்றித் தாருங்கள். மீட்பதற்காக வாங்கிய டிஸ்க்கின் விலையையும் தாருங்கள். அதன் பற்றுச்சீட்டும் இணைப்பில் உண்டு. வாடிக்கையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எந்த டிஸ்க்கையும் ஃபோர்மற் செய்யக் கூடாது என்று எல்லாக் கிளைகளுக்கும் அறிவித்து, அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். அந்தத் தம்பியைத் தண்டிக்க வேண்டாம். எண்களை வாசிக்கப் பழக்குங்கள், அது போதும்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே இணைப்புகளோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வேன். பழைய டிஸ்க்கில் 430 குடும்பங்களின் விவரங்கள் இன்னும் இருக்கின்றன. அதை நீங்கள் திருப்பி எடுப்பதானால், என் கண்முன்னே அழித்துவிட்டு எடுக்க வேண்டும். அதுவரை அது என் வீட்டு அலுமாரியில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்